தனுஷ்கோடி நிலையம்: ஐம்பதாண்டுக் கடல்வழி

தனுஷ்கோடியைக் குறித்து எழுதப்பட்டவை நம் மொழியில் ஏராளம். அவற்றுள் பெரும்பாலானவை 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் தொடங்கி மறுநாள் விடியலில் முடிந்துவிடுகின்றன. புயல் வந்தது, இரயில் மூழ்கியது, ஊர் அழிந்தது என்னும் மூன்று வாக்கியங்களுக்குள் ஒரு நிலையத்தின் வரலாறு அடங்கிவிட்டதாக எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் அந்த இரவுக்கு முன்னர் அந்நிலையம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இயங்கியிருக்கிறது. அங்கே வந்திறங்கியவர்கள் யாவர், எங்கே சென்றனர், அவர்கள் போக்குவரத்து எப்போது தடைப்படத் தொடங்கியது என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. இக்கட்டுரையில் அவற்றையே எடுத்துக்கொள்கிறோம். நிலையத்தைக் கடல் அழித்தது உண்மைதான். எனினும் கடல் கை வைப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதன் பயணிகளை அரசாங்கக் காகிதங்கள் ஒவ்வொருவராக நிறுத்தத் தொடங்கிவிட்டன என்பதே நாம் கூற வருவது.

இராமேசுவரம் தீவின் தென்கிழக்கே நீண்டு மெலிந்து கடலுக்குள் செல்லும் மணல்திட்டு தனுஷ்கோடி. ஒருபுறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா. அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும் அலை மிகுந்த தென்கடலை ஆண்கடல் என்றும் அப்பகுதி மீனவர் அழைப்பர். நிலத்தின் முடிவுக்கு அப்பால், மன்னார்த் தீவு வரையில் மணல்திட்டுகள் விட்டுவிட்டு அமைந்துள்ளன. இந்துக்கள் சேது என்றும், ஐரோப்பியர் ஆதம் பாலம் என்றும் வழங்கியவை இவையே. கி.பி. 1030ஐ ஒட்டி ‘கிதாபுல் ஹிந்த்’ எழுதிய அபூ ரைஹான் அல்பீரூனி தென்னாட்டுக்கு வந்தவரல்லர். ஆயினும் சேதுபந்தம் என்னும் பெயரைக் கேட்டறிந்து, அது இன்று தனித்தனிக் குன்றுகளாக நிற்கிறது, அவற்றினிடையே கடல் ஓடுகிறது என்று குறித்திருக்கிறார். நேரில் காணாதவர் தந்த குறிப்பு என்பதை எண்ணும்போது அதன் பொருத்தம் வியப்பளிக்கிறது.

நேரில் வந்து அவதிப்பட்டவர் இப்னு பதூதா. பாவா ஆதமின் பாதம் பதிந்ததாகக் கூறப்படும் மலையைத் தரிசித்துவிட்டு, 1344இல் புத்தளத்திலிருந்து மஅபர் கரைக்குக் கப்பலேறினார். காற்று வலுத்தது. கப்பல் தலைவருக்கோ அக்கடல் பழக்கமில்லை. ஆழமற்ற நீரில் கப்பல் தரைதட்டியது. சுமைகளைக் கடலில் எறிந்தனர், பாய்மரத்தை வெட்டினர், மாலுமிகள் மரங்களைப் பிணைத்துத் தெப்பம் கட்டினர். தம் துணைவர்களை அதில் அனுப்பிவிட்டு இப்னு பதூதா பின்தங்கி, அன்றிரவைக் கப்பலின் பின்புறத்திலேயே கழித்தார். காலையில் அக்கரை மக்கள் படகில் வந்து அவரை மீட்டனர். மாணவர்களுக்கு ‘ரிஹ்லா’வின் இப்பகுதியைப் பாடம் சொல்லும்போதெல்லாம், இது தூரதேசத்துக் கதையன்று, நம் வாசலில் நடந்தது என்று நினைவூட்டுவது நம் வழக்கம். கண்ணுக்கு மிக அண்மையில் தெரியும் இக்கடல் பெருங்கலங்களுக்கு வழி தராது. கொழும்பு செல்லும் கப்பல்கள் ஆழ்கடலைத் தேடித் தெற்கே தள்ளியே சென்றன. சிறு தோணிகள் மட்டும் குறுக்கே சென்றுவந்தன.

அத்தோணிகளில் சென்றவர்களுள் நம் முன்னோர் பலர் இருந்தனர். கீழக்கரையின் இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (வபாத்து 1898) இலங்கைக்குப் பலமுறை சென்று அங்கே மார்க்கப் பணி ஆற்றியது நம் வாசகர் அறிந்ததே. வணிகர் சென்றனர், முத்துக்குளிப்போர் சென்றனர். இவர்களை எல்லாம் விடப் பெருந்தொகையாகச் சென்றவர்கள் தோட்டத் தொழிலாளர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் மன்னார்ப் பகுதியில் இறங்கி, காடுகளின் ஊடாக மாத்தளை வரையில் கால்நடையாகவே நடத்திச் செல்லப்பட்டனர். வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டவர்களுக்குக் கல்லறைகள் கூட இல்லை.

வசதியுள்ளவர்களுக்கு வேறு பாதை இருந்தது. 1876இல் தூத்துக்குடிக்கு இரயில் வந்தபின், சென்னையிலிருந்து அங்கே வந்து நீராவிக் கப்பலில் கொழும்புக்குச் செல்வது வழக்கமாயிற்று. இந்தக் கடல்வழியில்தான் 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி ஆங்கிலக் கம்பெனியோடு போட்டியிட்டார். அக்கம்பெனியில் இரண்டு இலட்ச ரூபாய்க்குப் பங்குகள் வாங்கி அதைத் தூக்கி நிறுத்தியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பதைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள். இங்கே நாம் கவனிக்க வேண்டியது, தூத்துக்குடி வழியில் கடற்பயணம் ஓர் இரவு முழுதும் நீண்டது என்பதையே. குறுகிய கடலைக் கடக்கும் வழி ஒன்று அமைந்தால் அவ்வளவு நேரமும் மிச்சம்.

மணல்திட்டுகளின் மீதே பாலம் கட்டி இந்திய இரயிலை இலங்கைக்குள் கொண்டுசெல்லும் யோசனையும் நெடுநாள் பேசப்பட்டது. செலவை முன்னிட்டு அது கைவிடப்பட்டது. அந்தப் பாலம் கட்டப்பட்டிருந்தாலும் வண்டி நேரே கொழும்புக்கு ஓடியிருக்க முடியாது. தென்னிந்திய இரயில்வே இங்கே அமைத்திருந்தது ஒரு மீட்டர் அகலமுள்ள குறுகிய பாதை. இலங்கையின் முதன்மைப் பாதைகளோ ஐந்தரை அடி அகலமுள்ளவை. ஆகவே எங்கேனும் ஓரிடத்தில் எல்லோரும் இறங்கி ஏறியே ஆகவேண்டும். இந்த அளவு வேறுபாட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் முடிவில் அது மீண்டும் வரும்.

இறுதியில் முடிவானது இதுதான்: பாம்பன் கால்வாயின் மேல் பாலம், தீவின் முனை வரையில் இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குச் சுமார் 22 மைல் கப்பல், பின்னர் மீண்டும் இரயில். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்டது. கப்பல் போக்குவரத்தும் அதனை ஒட்டியே தொடங்கிற்று. ‘கர்சன்’, ‘எல்ஜின்’, ‘ஹார்டிங்’ என்று வைசிராய்களின் பெயர் தாங்கிய மூன்று நீராவிக் கப்பல்கள் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு இவ்வழிக்கென்றே வந்தன. பிற்காலத்தில் ‘இர்வின்’, ‘கோஷன்’ ஆகியவை சேர்ந்தன. தூத்துக்குடி வண்டிக்கு வழங்கிய ‘போட் மெயில்’ என்னும் பெயர் இப்போது தனுஷ்கோடி வண்டிக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

இன்று இராமேசுவரம் சென்று பழகியவர்களுக்கு வியப்பாக இருக்கும் செய்தி ஒன்றுண்டு. பாம்பனில் இருப்புப் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஆறேகால் மைல் சென்று இராமேசுவரத்தில் முடிந்தது ஒரு கிளை. பதினைந்து மைல் சென்று தனுஷ்கோடியில் முடிந்தது மற்றொன்று. கப்பலுக்குச் செல்லும் வண்டி இராமேசுவரம் ஊருக்குள் செல்லவேண்டிய தேவையே இல்லை. அதாவது தனுஷ்கோடி என்பது இராமேசுவரத்தின் வால் அன்று, அதற்கென்று தனி வழி இருந்தது. வரைபடத்தில் பார்த்தால் அது இருப்புப் பாதையின் கடைசி நிலையம். பயணச்சீட்டில் பார்த்தால் இடைவழி. எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டு கொழும்புக் கோட்டை நிலையம் வரையில் செல்லுபடியாயிற்று. அவ்வழியே சென்றவர்களுக்குத் தனுஷ்கோடி போய்ச் சேரும் ஊரன்று, மாறி ஏறும் ஊர். அவ்வூரின் தோற்றமும் அதற்கேற்பவே அமைந்தது. சுங்கச் சாவடி, துறைமுக அலுவலகம், அஞ்சல் தந்தி நிலையம், இரயில்வே ஊழியர் குடியிருப்பு, சிறு மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோயில், பவழப்பாறைக் கற்களால் எழுப்பிய தேவாலயம் என்று அந்த மணலின் மீது ஓர் ஊர் நின்றது. வயல் இல்லை, தோப்பு இல்லை. வண்டி வருவதும் கப்பல் போவதுமே அவ்வூரின் விவசாயம்.

எல்லோரும் ஒரேவிதமாகச் செல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மலையகத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர் மண்டபத்திலேயே இறக்கப்பட்டனர். அங்கிருந்த முகாமை இலங்கை அரசாங்கமே இந்திய மண்ணில் நடத்திவந்தது. தொற்றுநோய் அச்சத்தால் அவர்களை அதில் சில நாட்கள் தங்கவைத்து, ஊசி போட்டு, உடைகளைப் புகையூட்டி, அதன் பின்னரே கூட்டமாகக் கப்பலுக்கு அனுப்பினர். முதல் வகுப்பில் செல்லும் தோட்டத் துரைக்கு இவை எதுவும் இல்லை. நம் கரையோர வணிகர்கள் இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்டவர்கள். மூன்றாம் வகுப்பில் செல்வர், பெட்டி படுக்கைகளைச் சுங்கத்தில் அவிழ்த்துக் காட்டுவர், ஆனால் முகாமில் அடைபடமாட்டார்கள்.

இலங்கையில் இவர்களைக் கரையோரச் சோனகர் என்று வேறுபடுத்திக் கூறினர். அந்நாட்டு மண்ணில் வேரூன்றிவிட்ட இலங்கைச் சோனகரிலிருந்து பிரித்துக் காட்டவே இப்பெயர். குடும்பத்தை இக்கரையில் விட்டுவிட்டு, ஆண்கள் மட்டும் அக்கரையில் கடை வைத்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நோன்புக்கோ பெருநாளுக்கோ ஊர் வருவது அவர்கள் வாழ்முறை. அதில் இலாபமும் இருந்தது, வெறுப்பும் சேர்ந்து வளர்ந்தது. புதிய வழி திறந்து ஓராண்டு கடந்த நிலையில், 1915 மே இறுதியில் கண்டியில் வெடித்த கலவரத்தில் முதற்கண் தாக்கப்பட்டவை இவர்களின் கடைகளும் பள்ளிவாசல்களுமே. கம்பளையில் இவர்கள் பள்ளிவாசலின் முன்னே பௌத்த ஊர்வலம் மேளத்துடன் செல்லலாமா என்ற வழக்கு அதற்கு முன்பே நீதிமன்றங்கள் வரை சென்றிருந்தது. ஆங்கில அரசு இராணுவச் சட்டத்தை ஏவிச் சிங்களத் தலைவர்களைக் கண்மூடித்தனமாகத் தண்டித்தது வேறு கதை. அந்த அடக்குமுறையால் கரையோர வணிகருக்கு நன்மை எதுவும் விளையவில்லை, பகைதான் ஆழமாயிற்று. அந்நிய நாட்டான் என்னும் சொல் பின்னர் சட்டத்தில் ஏறுவதற்கு முன் தெருவில் ஏறிய ஆண்டு 1915 என்று நாம் கருதுகிறோம்.

போர்க்காலத்தைப் பற்றிய குறிப்பு ஒன்றை இவ்விடத்தில் சேர்க்காமல் செல்ல மனமில்லை. இரண்டாம் உலகப் போரின்போது இராமேசுவரத்தில் வண்டி நிற்பது நிறுத்தப்பட்டது. செய்தித்தாள் கட்டுகளை ஓடும் வண்டியிலிருந்தே இராமேசுவரம் ரோடு என்னும் இடத்தில் எறிந்துவிட்டுச் செல்வர். தம் உறவினருக்கு உதவியாக அக்கட்டுகளைப் பொறுக்கியெடுத்துத் தம் முதல் சம்பாத்தியத்தைப் பெற்ற சிறுவரை நாடு பின்னர் குடியரசுத் தலைவராகக் கண்டது. மர்ஹூம் அப்துல் கலாம் தம் ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் இதனைக் கூறியிருக்கிறார். அவர் தந்தையார் ஜைனுலாப்தீன், இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லப் படகு கட்டியவர்.

இனி காகிதங்களுக்கு வருவோம். 1939இல் இந்திய அரசு தொழிலாளர் இலங்கை செல்வதற்குத் தடை விதித்தது. தனுஷ்கோடி வழியே சென்ற பெருங்கூட்டம் அத்துடன் அற்றது. 1948இல் விடுதலை பெற்ற இலங்கை, அதே ஆண்டிலேயே இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் இந்திய வம்சாவளியினர் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. குடிவரவுச் சட்டமும் வந்தது. அதுவரையில் பக்கத்து ஊருக்குச் செல்வதுபோல் சென்றுவந்தவர்கள் இப்போது கடவுச்சீட்டு, நுழைவு அனுமதி, தற்காலிக வசிப்பு அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் வரிசையில் நிற்கவேண்டியதாயிற்று. இதே 1948, 1949 ஆண்டுகளில்தான், மன்னார் வளைகுடாவை நோக்கிய தனுஷ்கோடியின் தென்பகுதி ஏறத்தாழ ஐந்து மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து, ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நிலப்பட்டை கடலுக்குள் சென்றது என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆய்வு கூறுகிறது. இரண்டையும் முடிச்சுப் போட நமக்கு உரிமையில்லை. ஆனால் நிலையம் ஓர் இரவில் வீழ்ந்தது என்று சொல்பவர்கள் இவ்விரண்டையும் அறிந்திருப்பது நல்லது.

எம் பாட்டனார் குருநாகலில் கடை வைத்திருந்தவர். கொழும்புக்குச் செல்லவேண்டிய தேவை அவருக்கு இல்லை. தலைமன்னாரில் ஏறினால் மதவாச்சி, அனுராதபுரம், மாகோ வழியே வண்டி நேரே குருநாகலைத் தொடும். எம் இல்லத்தில் ‘தனுக்கோடி’ என்பதுதான் பேச்சு வழக்கு. ஷகாரம் எங்கள் பெண்கள் வாயில் நுழைந்ததில்லை. வாப்பா தனுக்கோடி தாண்டிவிட்டார் என்றால், இனி இரண்டு வருடத்துக்குக் கடிதம் மட்டும்தான் என்பது பொருள். பாட்டியார் அந்தக் கடலைக் கடந்ததே இல்லை. பாட்டனாரின் தற்காலிக வசிப்பு அனுமதி இருமுறை நீட்டிக்கப்பட்டது. மூன்றாம் முறை, 1956இல், மறுக்கப்பட்டது. கடையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு, கையில் கணக்குப் புத்தகத்துடன் அவர் ஊர் திரும்பினார். நிலுவைகளை முடிக்க மீண்டும் ஒருமுறை சென்றுவருவதாக இருந்தது. அந்தப் பயணம் நடைபெறவில்லை. முதலில் அனுமதி கிடைக்கவில்லை, பின்னர் வழியே இல்லாமற்போயிற்று.

1964 அக்டோபர் 30ஆம் நாள் டெல்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். நாடற்றவர்களாகக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும், எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். பாட்டன்மார் தனுஷ்கோடி வழியே சென்றனர். பேரர்கள் அதே வழியில் திரும்ப வேண்டும் என்று இரண்டு அரசுகள் எழுதிக்கொண்டன. அந்த வழிக்கு அப்போது எஞ்சியிருந்த ஆயுள் எட்டு வாரங்களுக்கும் குறைவு.

டிசம்பர் 17ஆம் நாளையொட்டித் தெற்கு அந்தமான் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக வலுப்பெற்று, மேற்கு நோக்கி நகர்ந்து, இலங்கையின் வடபகுதியைக் கடந்து, 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை வந்து மோதியது. ஹிஜ்ரி 1384, பராஅத் இரவு கழிந்து சில நாட்களே ஆகியிருந்தன. நோன்புக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாட்கள். காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரையில் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது.

பாம்பனிலிருந்து 653ஆம் எண் பயணியர் வண்டி இரவு 11.55க்குப் புறப்பட்டது. 110 பயணிகளும் ஐந்து ஊழியர்களும் இருந்தனர் என்பது பதிவு. சீட்டில்லாமல் ஏறியவர்கள் எந்தப் பதிவிலும் இல்லை. தனுஷ்கோடியை நெருங்கும் இடத்தில் சைகை விளக்கு எரியவில்லை என்றும், ஓட்டுநர் நீண்ட ஊதல் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார் என்றும் சொல்லப்படுகிறது. நிலையத்துக்குச் சில நூறு கஜம் முன்னே பேரலை வண்டி முழுவதையும் வாரிக்கொண்டது. ஒருவரும் மீளவில்லை. பாம்பன் பாலத்தின் மேலிருந்து இரயில் கடலில் விழுந்ததாகப் பலரும் எழுதிவருகின்றனர். அது பிழை. பாலம் சிதைந்தது வேறு, இரயில் மூழ்கியது வேறு. இரண்டுக்கும் இடையே பல மைல் தூரம். தந்திக் கம்பிகள் அறுந்துபோனதால் ஒரு முழு இரயில் காணாமற்போன செய்தி வெளியுலகுக்கு எட்டவே இரண்டு நாட்கள் ஆயின. புயலில் மாண்டோர் தொகை 1,800 அளவில் இருக்குமெனக் கணக்கிடப்பட்டது. அன்றிரவு இராமேசுவரத்தில் தங்கியிருந்த திரைப்பட நடிகர்கள் இருவரைப் பற்றி எழுதாத கட்டுரை இல்லை. அதனை நாம் விட்டுவிடுகிறோம்.

இதற்குப் பின் நடந்ததைத்தான் கூர்ந்து நோக்க வேண்டும். பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் உத்திரங்கள் கடலில் வீழ்ந்துவிட்டன. கப்பல் செல்லும்போது திறந்து வழிவிடும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. பழுதுபார்க்க ஆறு மாதம் என்று முதலில் மதிப்பிட்டனர். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஸ்ரீதரன், பின்னாளில் கொங்கண் இரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் அமைத்தவர், 46 நாட்களில் அதனை முடித்தார். கடலில் வீழ்ந்த உத்திரங்களைத் தேடித் தூக்கி மீண்டும் பொருத்தினர். அத்தகைய ஆற்றல் படைத்த இரயில்வேயால் பதினைந்து மைல் மணற்பாதையை மீட்டிருக்க முடியாதா? மணல் அரிப்பும், தாழ்ந்துவரும் நிலமும், மீண்டும் புயல் வரலாம் என்ற அச்சமும் மெய்யான காரணங்கள்தாம். அரசு அவ்விடத்தை வாழத் தகுதியற்றது என்று அறிவித்ததைக் குறைகூறுவதற்கில்லை. எனினும் இராமேசுவரத்துக்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் யாத்திரிகர் வரவேண்டியிருந்தது. தனுஷ்கோடிக்கோ, இரு அரசுகளும் குறைக்க விரும்பிய பயணிகளைத் தவிர வேறு யாரும் வரவேண்டியிருக்கவில்லை. காகிதம் அப்போக்குவரத்தைச் சிறுக்கச் செய்திராவிட்டால், அந்நிலையத்தை வேறிடத்திலாவது எழுப்பும் தேவை இவ்வளவு எளிதாக மறக்கப்பட்டிராது என்பது நம் எண்ணம். கருத்து வேறுபடுவோர் இருக்கலாம்.

கப்பல் துறை இராமேசுவரத்துக்கு மாறியது. ‘இராமானுஜம்’ என்னும் கப்பல் தலைமன்னாருக்கு ஓடியது. உடன்படிக்கைப்படி தாயகம் திரும்பியோர் இவ்வழியே வந்திறங்கினர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியாவைப் பார்த்ததே இல்லாதவர்கள். ஒரு காலத்தில் தொழிலாளரை அக்கரைக்கு அனுப்பப் பயன்பட்ட அதே மண்டபம் முகாம் அவர்களை வரவேற்கும் முகாமாயிற்று. 1983க்குப் பிறகு அகதிகளுக்கும் அதுவே முகாமாயிற்று.

எம் பாட்டனார் 1968இல் மௌத்தானார். அவருடைய வஸிய்யத்தில் சொத்து விவகாரம் எதுவும் இல்லை. குருநாகலில் சிங்களக் கொப்பரை வியாபாரி ஒருவருக்கு 340 ரூபாய் கொடுக்கவேண்டியிருந்தது, அது மட்டுமே இருந்தது. கடன்பட்டவரின் ஆன்மா அக்கடன் தீரும்வரை தொங்கிநிற்கும் என்னும் நபிமொழிக் கருத்தை ஓதிய குடும்பத்தில் இதனை யாரும் சிறு தொகை என்று எண்ணவில்லை. 1973இல் எம் தந்தையார் அனுமதி பெற்று ‘இராமானுஜத்தில்’ அக்கரை சென்றார். நமக்கு அப்போது விவரம் தெரியாத வயது. கடை இருந்த இடத்தில் வேறொரு கடை. கொப்பரை வியாபாரியும் காலமாகிவிட்டார். அவருடைய மகனைத் தேடிக் கண்டுபிடித்துத் தொகையைக் கொடுத்தபோது, அப்படியொரு கடன் இருந்தது தமக்குத் தெரியாது என்று அவர் வாங்க மறுத்தாராம். பிறகு தந்தையார் கணக்குப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். பாட்டனார் கணக்கெழுதியது அரபுத்தமிழில். அந்த எழுத்தில் ஒன்றும் புரியாத அம்மனிதர், வரிக்குக் கீழே தம் கையொப்பத்தைச் சிங்களத்தில் இட்டார். அந்தப் புத்தகம் எம்மிடம் உள்ளது. மேல்வரியை நம்மால் படிக்க முடிகிறது, கீழ்வரியை முடிவதில்லை.

‘இராமானுஜம்’ 1980களின் நடுவில், இலங்கைப் போர் மூண்டபின், நின்றது. தலைமன்னார் இரயில் பாதையும் 1990இல் மூடப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலருடன் தனுஷ்கோடி சென்றிருந்தோம். முன்பு மணலில் வண்டி வைத்துச் செல்லவேண்டியிருந்த இடத்துக்கு, 2017இல் திறந்த நெடுஞ்சாலையில் நேரே செல்லலாம். சாலை அரிச்சல்முனை வரையில் போகிறது. தேவாலயத்தின் சுவர்கள் நிற்கின்றன. நிலையத்தின் இடிந்த செங்கல் தூண்கள் சில நிற்கின்றன. அவற்றின் நிழலில் சங்கும் சோழியும் விற்கிறார்கள். வாழத் தகுதியற்றது என்று அறிவித்த மண்ணில் மீனவர் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. மணலைக் கையால் தோண்டினால் சற்று ஆழத்தில் நல்ல நீர் ஊறுகிறது. இருபுறமும் உப்புக்கடல் இருக்க இது எப்படி என்று மாணவர்கள் சுவைத்துப் பார்த்து வியந்தனர். கப்பல் எங்கே நின்றது என்று முதியவர் ஒருவரிடம் கேட்டோம். “கப்பல் நின்னது அந்தப் பக்கம் பாய். நான் சின்னப் பையன். இப்ப அது முழுக்கக் கடலு” என்று கைகாட்டினார். அவர் காட்டிய இடத்தில் அலைகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மீண்டும் பாதை அமைக்க 2019 மார்ச் 1ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. 17 கிலோமீட்டர் தூரம். நிலம் தருவதற்கு மாநில அரசு முன்வராததால் பணி நடைபெறவில்லை. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்று, 2025 ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது. அக்கரையில், இந்திய உதவியுடன் இந்திய நிறுவனமே செப்பனிட்ட பாதையில், 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு மீண்டும் இரயில் வந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பல் தொடங்கியது. அது வேறு கடல்வழி.

முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன அளவு வேறுபாடும் இப்போது இல்லை. 2007இல் இராமேசுவரப் பாதை அகலமாக்கப்பட்டது. இன்று இராமேசுவரத்தில் கிடக்கும் தண்டவாளத்தின் அகலம் ஐந்தடி ஆறங்குலம். தலைமன்னாரில் கிடப்பதன் அகலமும் அதுவே.